கடைப் பலகையில் உன் பெயர்

மதுரை,
மார்கழி 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது.   பனி இறங்கும் நேரமாயிற்றே, உன் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், வரும்போது வாங்கி வருகிறேன்.

நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். விருதுநகர் பஜாருக்குப் பக்கத்திலேயே கடைக்கு இடம் பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டாய் என்று கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குழம்புத் தூள், கூழ் வத்தல், மோர் மிளகாய், தாளிப்பு வடகம் என்று நீ வரிசையாகச் சொல்லச் சொல்ல நம் அம்மா மொட்டை மாடியில் வேட்டி விரித்து வத்தல் பிழிந்த சித்திரை வெயிலெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் உன் குரல் தாழ்ந்தது. "நாப்பத்தெட்டு வயசுல இது தேவையான்னு வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்கக்கா. நீ என்ன நினைக்கிற?"

போனில் பதில் சொன்னால் பாதியிலேயே உனக்கு குக்கர் விசில் அடிக்கும், எனக்கு யாராவது ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து படி.

தேவைதான், பாப்பா. இன்னும் சொல்லப்போனால், நீ புதிதாக எதையும் தொடங்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய். உன் நாத்தனார் பிள்ளை சென்னைக்கு வேலைக்குப் போனபோது பொடி இடித்துக் கொடுத்தது நீ. தெருவில் யார் வீட்டில் பிள்ளை பெற்றாலும் பத்தியக் குழம்புக்குப் பொடி உன்னிடம்தான் வந்து கேட்பார்கள். துபாய்க்குப் போகிறவர்களின் பெட்டியில் உன் வடகம் போகாத வருஷம் உண்டா? சரக்கும் இருந்தது, கைப்பக்குவமும் இருந்தது, வாங்க ஆளும் இருந்தார்கள். விலையும் உன் பெயரும்தான் இல்லாமலிருந்தன. அந்த இரண்டையும்தான் வரும் தையில் கடை திறக்கும்போது சேர்க்கப் போகிறாய். இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

நம் வீட்டு அலமாரியில் அம்மா வைத்திருந்த 'சமைத்துப் பார்' புத்தகம் நினைவிருக்கிறதா? உன் கல்யாணச் சீரிலும் ஒரு பிரதி வந்தது. அதை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் 1905-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். சொந்தக்காரர்கள் எல்லோரும் சமையலில் சந்தேகம் என்றால் அவரைத்தான் கேட்பார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்புவாராம். அதையெல்லாம் புத்தகமாக்கச் சொல்லித் தூண்டியவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி அய்யர். 1951-இல் முதல் பாகம் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. புத்தகத்தைத் தானே வெளியிட்டார். அவர் பெயரிலேயே பதிப்பகம் உண்டானது. அவர் காலத்துக்குப் பிறகும் குடும்பத்தார் அதை நடத்தி வந்தார்கள். அவர் மறைந்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும் புத்தகம் விற்கிறது.

அந்தக் காலத்தில் சாம்பாருக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? எல்லோர் வீட்டிலும் அம்மாவும் பாட்டியும் இருந்த காலம் அது. ஆனால் கைக்கணக்காக இருந்ததை அளவாக மாற்றி, எத்தனை பேருக்கு எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்று எழுதி வைத்தது அவர். கல்யாணமாகி டெல்லிக்கும் பம்பாய்க்கும் போன பெண்கள் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். சமையலறையில் இருபத்தைந்து வருஷம் நின்ற ஒரு பெண்ணால்தான் அப்படி எழுத முடியும். இருபது வயதில் அந்தப் புத்தகத்தை அவரே நினைத்திருந்தாலும் எழுதியிருக்க முடியாது.

நடுவயது என்றால் எல்லாம் முடிந்தது போலப் பேசுகிறார்களே, அவர்களுக்குக் கொடுமுடி சுந்தராம்பாளை நினைவுபடுத்து. கே. பி. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயதில் கணவர் கிட்டப்பா போய்விட்டார். 1933 அது. அன்றைக்கு உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரைக்கும் மாற்றவில்லை. இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதோடு ஒதுங்கியிருந்தால் ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது, மெச்சிக்கூட இருக்கும். அவரோ 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பேசி வாங்கினார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! தன் குரலுக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதைவிடப் பெரியது அதற்கப்புறம் நடந்தது. 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்' வெளிவந்தபோது அவருக்கு நாற்பத்தைந்தை நெருங்கிய வயது. அந்தப் படத்தில் ஜோடி கிடையாது, காதல் கிடையாது. ஒரு கிழவியம்மா ஊர் ஊராக நடக்கிறாள், பாடுகிறாள், ராஜாக்களிடம் நியாயம் கேட்கிறாள். தமிழ்நாடு திரண்டு போய்ப் பார்த்தது. 1964-இல் 'பூம்புகார்', 1965-இல் 'திருவிளையாடல்' என்று ஐம்பதைத் தாண்டிய வயதிலும் அந்தக் குரலுக்காகத் திரை காத்திருந்தது. 1970-இல் பத்மஸ்ரீ வந்தது. கொடுமுடியில் தன் சொந்தப் பணத்தில் ஒரு திரையரங்கமும் கட்டினார். சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்த பெண் பிறந்த ஊரிலேயே முதலாளியாக உட்கார்ந்தார். இன்றைக்கு நாம் சுந்தராம்பாள் என்றதும் கண்முன் வருவது அந்த வெள்ளைப் புடவையும் நெற்றி நிறைய திருநீறும்தான். அது அவருடைய நடுவயதுத் தோற்றம்.

நம் பக்கத்திலேயே பார். பரவை முனியம்மா எத்தனையோ வருஷம் கோயில் கொடைகளிலும் மேடைகளிலும் பாடிக்கொண்டிருந்தவர். 2003-இல் 'தூள்' படம் வந்தபோது அவர் நடுவயதைத் தாண்டியிருந்தார். ஒரே பாட்டில் அவர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அவருக்கும் முன்னால் கொல்லங்குடி கருப்பாயி. வயல்வேலை செய்தபடி பாடிய பாட்டு வானொலிக்குப் போய், அங்கிருந்து 1985-இல் 'ஆண்பாவம்' படத்துக்குப் போனது. அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். இவர்கள் யாரும் சினிமா வந்த அன்று பாடகியாகவில்லை. நாற்று நடும்போதே பாடகிதான். வெளியில் இருந்தவர்களின் காதுக்குத்தான் நேரமாகியிருக்கிறது.

எழுத்திலும் அப்படித்தான். எழுத்தாளர் அம்பை 1988-இல் மும்பையில் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். பெண்களின் குரலையும் படங்களையும் வாழ்க்கைக் கதைகளையும் சேகரித்து வைக்கும் இடம் அது. நம்மைப் போன்றவர்கள் பேசுவதும் ஆவணம்தான் என்று நினைத்து, அதற்கு ஒரு நிறுவனம் கட்டி, பணம் திரட்டி, ஆள் வைத்து நடத்துவது சின்ன வேலையா? அதுவும் ஒரு தொழில் நடத்துவதைப் போலத்தான். சம்பளம் போட வேண்டும், கணக்கு எழுத வேண்டும், அடுத்த வருஷத்துக்கு வழி பார்க்க வேண்டும்.

ஜோதிகா நடித்த '36 வயதினிலே' நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த படம். 2015. மலையாளத்தில் மஞ்சு வாரியர் நடித்ததைத்தான் தமிழில் எடுத்தார்கள். இரண்டு பேருமே கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவை விட்டுப் போய், வருஷக்கணக்கில் கழித்து அந்தக் கதையில்தான் திரும்பி வந்தார்கள். மொட்டை மாடியில் காய்கறி போட்டு, அதையே தொழிலாக்கும் பெண்ணின் கதை. தியேட்டரில் நம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டியது எனக்கு இன்னும் கேட்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். படத்தில் முப்பத்தாறு வயதையே பெரிய வயதாகக் காட்ட வேண்டியிருந்தது. உன் வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்தி, அவள் கடை வைப்பதை, கணக்குப் பார்ப்பதை, கடனை அடைப்பதை முழுக்கச் சொல்லும் படங்கள் நம்மிடம் இன்னும் நிறைய வர வேண்டும். அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் அது தினமும் நடக்கிறது.

இனி உன் கடைக்கு வருகிறேன். முதல் விஷயம் விலை.

நீ பேச்சுவாக்கில் "சொந்தக்காரங்களுக்கு வாங்குன விலைக்கே குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றாய். அதில்தான் எனக்குப் பயம். என் தையல் கடைக்கும் அப்படித்தான் வருவார்கள். "வீட்ல இருந்துதான தைக்கிற, பாத்துப் போட்டுக்க." துணிக்கடையில் பேரம் பேசாமல் பில் கட்டிவிட்டு வந்தவர்களே ரவிக்கைக் கூலியில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். பெண் வீட்டில் செய்யும் வேலைக்குக் காசு கிடையாது என்று ஊருக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை நாம்தான் மாற்ற வேண்டும், அதுவும் சண்டை போடாமல், ஒரு விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டி.

கணக்கு இப்படிப் போடு. ஒரு கிலோ இட்லிப் பொடிக்கு, பேச்சுக்கு, உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 260 ரூபாய் என்று வைத்துக்கொள். மில் கூலி 20, கேஸ் 15, நான்கு கால் கிலோ கவரும் லேபிளும் 25, ஆட்டோ 10. ஆக 330. இங்கேதான் நம் பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். இதன்மேல் பத்து ரூபாய் வைத்துவிட்டு லாபம் என்கிறார்கள். உன் கூலி எங்கே? பத்துக் கிலோ வறுத்து, ஆறவைத்து, அரைத்து வந்து, சலித்து, நிறுத்துக் கட்ட ஆறு மணி நேரம் ஆகிறது என்றால், மணிக்கு 100 வீதம் 600 ரூபாய். கிலோவுக்கு 60. இப்போது 390. கீழே சிந்துவது, கருகுவது, விற்காமல் திரும்புவது என்று ஒரு 20. ஆக 410. இதன்மேல் நூற்றுக்கு இருபது லாபம் 82. மொத்தம் 492. கால் கிலோ 125 ரூபாய் என்று போட்டால் சரியாக வரும். உன் ஊர் விலைவாசிக்கு எண்கள் மாறும், வரிசையை மாற்றாதே. கூலி வேறு, லாபம் வேறு. கூலி நீ வீட்டுக்கு எடுத்துப் போவது. லாபம் கடையில் நிற்க வேண்டியது. அடுத்த மூட்டை உளுந்துக்கும், மழைக்காலத்தில் வியாபாரம் குறையும்போது வாடகைக்கும் அதுதான். வேறு கடைகளுக்குச் சரக்குப் போட்டால் அவர்களும் நூற்றுக்குப் பதினைந்து, இருபது கேட்பார்கள். அதற்கும் விலையில் இடம் வேண்டும்.

அடுத்து, பெயர். பலகையில் பிள்ளை பெயரைப் போடலாமா, குலதெய்வத்தின் பெயரைப் போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். சாமி படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டு, தினமும் பூ வை. பலகையில் உன் பெயரைப் போடு. பொடியை வாங்கிப் போகிறவர்கள் உன் கையை நம்பித்தான் வாங்குகிறார்கள். நான் கடை வைத்தபோது என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். பெயின்டர் தம்பி, "சார் பேரைச் சொல்லுங்கக்கா" என்று கேட்டான். உன் அத்தான்தான் பக்கத்தில் நின்று, "கடை அவங்களோடது தம்பி, அவங்க பேரையே எழுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு என்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பெயர் என்பது பலகையோடு நிற்பதில்லை. வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு உன் பெயரில், செல்போனில் பணம் வரும் கியூஆர் அட்டையும் அதே கணக்குக்கு. மகனுடைய நம்பரை ஒட்டிவைப்பது சுலபம் என்று சொல்வார்கள். சுலபம்தான். மாதக் கடைசியில் எவ்வளவு வந்தது என்று நீ இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கும். இதில் யார்மேலும் சந்தேகம் இல்லை, பாப்பா. மாப்பிள்ளை தங்கமானவர், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். ஆனாலும் உன் பணம் உன் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? ராஜம் கிருஷ்ணனின் வாழ்க்கையால். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்த எழுத்தாளர் அவர். சின்ன வயதிலேயே கல்யாணம், கல்லூரிப் படிப்பு கிடையாது. ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில் கடற்கரைக் குப்பங்களுக்குப் போய்த் தங்கி மீனவர் வாழ்க்கையை 'அலைவாய்க் கரையில்' என்று எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், காலில் உப்புப் பொரிந்து வேலை செய்யும் பெண்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். அதற்கு முன்பே, 1973-இல் சாகித்திய அகாதெமி பரிசு. அப்படி ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் உழைப்பைப் பதிவு செய்தவர், கணவர் இறந்த பிறகு கையிலிருந்த பணத்தை இழந்து, கடைசிக் காலத்தில் ஆதரவற்றவராக முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009-இல் தமிழக அரசு அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014-இல் மறைந்தார். இவ்வளவு பெரிய உழைப்பாளிக்கே அந்த நிலை வந்தது என்றால், நம் கணக்கு நம் கையில் இருப்பது எவ்வளவு அவசியம்! உழைப்பதற்கு நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உழைத்ததைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

அடுத்து, கடைக்கான முதலீட்டுக்கு வருகிறேன். நகையை மீட்டர் வட்டிக்காரனிடம் கொண்டு போகாதே. இங்கே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலையில் தொண்ணூறு ரூபாய் வாங்கி, சாயங்காலம் நூறு கட்டும் பெண்களை எனக்குத் தெரியும். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்ற லாபம் அந்தப் பத்து ரூபாயில் போய்விடும். இந்தக் கொடுமையைச் சென்னையில் கண்டுதான் ஜெயா அருணாச்சலம் 1978-இல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். அவர் அரசியலில் இருந்தவர். நாற்பது வயதைக் கடந்த பிறகு அதை விட்டுவிட்டு, பூவும் காயும் மீனும் விற்கும் பெண்களைக் குழுவாக்கி, நியாயமான வட்டிக்குச் சிறு கடன் கிடைக்க வழி செய்தார். 1981-இல் அந்தப் பெண்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கமும் வந்தது. தெருவில் விற்கும் பெண் கடனைத் திருப்பிக் கட்டுவாள் என்று வங்கிகள் நம்பாத காலம் அது.

நம் மதுரைப் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை நீ டிவியில் பார்த்திருப்பாய். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் குழுவில் பெண்களைச் சேர்த்து, சேமிக்க வைத்து, வட்டிக் கடனிலிருந்து மீட்டவர். டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். நீ பத்து வருஷமாக மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறாயே, அதைச் சாதாரணமாக நினைக்காதே. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசும் தைரியம் உனக்கு அங்கிருந்துதான் வந்தது. உன் குழுவின் திருப்பிச் செலுத்திய கணக்கையே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போ. அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

சில வேலைகளை இப்போதே முடித்துவிடு. உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் யாரையும் நம்பாதே. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு வியாபாரிக்குக் கட்டணம் அதிகம் இல்லை. பதிவுக்குத் தரும் பதினான்கு இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வர வேண்டும். கூடவே நிகர எடை, பொருட்களின் பட்டியல், கட்டிய தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வா. சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருந்தது, இப்போதும் உண்டா என்று விசாரி. எங்கள் தெருவில் கைவேலை செய்கிறவர்கள் இப்போது கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு மனுப் போடுகிறார்கள். அதற்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதையே தகுதியாகக் கேட்கும் திட்டம்! அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உன் நினைவுதான் வந்தது.

உன் உடம்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் அம்மா இதைப் பேசவே மாட்டாள். முகத்தில் திடீரென்று வெக்கை ஏறுவதும், இரவில் தூக்கம் கலைவதும், மாதவிலக்கு முன்னே பின்னே வருவதும் இந்த வயதில் பலருக்கும் நடப்பதுதான். நம் நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் தீட்டு நின்றுவிடுகிறது. இப்போது நீ அடுப்புக்கு முன்னால் நின்று மிளகாய் வறுக்கிற தொழிலை எடுத்திருக்கிறாய். ஆகவே வறுக்கும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள். புகை போகும் விசிறி ஒன்றைக் கடை திறக்கும் முன்பே மாட்டிவிடு, அது ஆடம்பரம் இல்லை. உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போ, ரத்தப் பரிசோதனை செய்துகொள். பத்துக் கிலோ சட்டியை நீ தனியாகத் தூக்காதே. உதவிக்கு ஒரு பெண்ணை வை, அவளுக்கும் சரியான கூலி கொடு. நமக்குக் கிடைக்காத நியாயத்தை நாம் இன்னொருத்திக்கு மறுக்கக் கூடாது.

வீட்டு வேலை என்னாகும் என்று உன் மாமியார் கவலைப்படுகிறார் அல்லவா? அவரைக் கடையிலிருந்து ஒதுக்காதே. தாளிப்பு வடகத்துக்குச் சின்ன வெங்காயமும் உளுந்தும் எந்தப் பதத்தில் பிசைய வேண்டும், விளக்கெண்ணெய் எப்போது விட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே? அதைப் பாக்கெட்டில் ஒரு வரியாக அச்சடி. செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டான் பின்னுவது வயதான ஆச்சிகளின் கையில் மட்டும் மிஞ்சியிருந்த வேலை. விசாலாட்சி ராமசாமி ஆச்சி அந்தக் கைவேலையைத் தேடிப் பிடித்து, கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெண்கள் பின்னிச் சம்பாதிக்கிறார்கள். காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி அறுபது வயதைத் தாண்டிய பிறகு 'பங்களா' விடுதியைத் திறந்து, செட்டிநாட்டு விருந்தை வெளிநாட்டுக்காரர்களும் தேடி வந்து சாப்பிடும்படி செய்தார். ஆச்சிமார் கையில் இருந்த அறிவுக்கு விலை வைத்தபோதுதான் அது அழியாமல் நின்றது. உன் மாமியாரின் வடகத்துக்கும் அதுவே வழி.

கேலி பேசுகிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே பொடி வாங்க வருவார்கள். மீதிப் பேரில் ஒருத்தி, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, "நானும் ஏதாவது பண்ணணும்க்கா, எப்படி ஆரம்பிச்சீங்க?" என்று கேட்பாள். அவளை உட்காரவைத்து, காபி கொடுத்து, மேலே நான் எழுதிய கணக்கைக் காட்டு. என்னிடம் அப்படி வந்த பெண்கள் உண்டு. ஒருத்தி இப்போது ஆரி வேலை செய்கிறாள், இன்னொருத்தி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். அவர்களின் பலகைகளில் அவர்களின் பெயர்களைப் படிக்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

நானும் உன் அத்தானும் தை இரண்டாம் தேதி அங்கே இருப்போம். ரிப்பன் வெட்ட வெளியாட்களைத் தேடாதே, உன் மாமியார் கையால் குத்துவிளக்கு ஏற்றச் சொல். எனக்கு இரண்டு கிலோ இட்லிப் பொடி, ஒரு கிலோ பருப்புப் பொடி, அரைக் கிலோ மோர் மிளகாய் எடுத்து வை. அக்காதானே என்று ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் பில் போடு. நான் முழுப் பணத்தையும் கொடுத்துத்தான் வாங்கிப் போவேன்.

மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புடன்,
அக்கா